வழிகாட்டியின் சாட்சியம்

மாத்தளைப் பக்கத்தில் மிளகு செய்கை பண்ணுகிறவர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். கொடியை நட்டுவிட்டால் மட்டும் போதாது. தாங்குமரம் அருகிலேயே நின்றாலும் இளங்கொடியை அதனோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் கொடி நிலத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஒருமுறை பற்றிப் பிடித்துவிட்டால், பிறகு கணுவுக்குக் கணு வேர்விட்டு அது தன்பாட்டில் ஏறிக்கொள்ளும். கொடிக்கு வழி தெரியுமா தெரியாதா என்று யாராவது கேட்டால் தோட்டக்காரர் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

ஆனால் அதே கேள்வியைத் தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் நரம்பைப் பற்றிக் கேட்கும்போது சிரிக்க முடிவதில்லை. முண்ணாணில் இருக்கும் ஒரு நரம்புக் கலத்திலிருந்து புறப்படும் நார், காலின் விரலை அசைக்கும் தசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ பத்து இலட்சம் நார்கள் புறப்பட்டு, மூளையில் தத்தமக்குரிய இடத்தில் போய் அமர வேண்டும். இடம் மாறினால் மேலே தெரிய வேண்டியது கீழே தெரியும். அங்கே கட்டிவிடுவதற்குத் தோட்டக்காரர் எவருமில்லை. இருந்தும் அவை போய்ச் சேருகின்றன. எப்படி?

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டடைந்த விடைகள் வியப்பானவை. எனினும் இக்கட்டுரையின் நோக்கம் அந்த வியப்பை எடுத்துரைப்பது மாத்திரமல்ல. விடைகள் எந்த முறையில் பெறப்பட்டன, அவற்றை உலகுக்குச் சொன்னவர்கள் எத்தகைய பொறுப்பைத் தலையில் ஏற்றார்கள் என்பதே எனது அக்கறை. நரம்பின் வழியைத் தேடிய இந்தத் துறையிலேயே 2023ஆம் ஆண்டில் அந்தப் பொறுப்பு பற்றிய ஒரு பெரிய விசாரணை நடந்து முடிந்தது. தான் நேரில் காணாத ஒன்றுக்குத் தன் பெயரை இட்டுச் சாட்சி சொல்பவரின் பொறுப்பு எதுவரை செல்லும் என்ற கேள்வியை அது எம்முன் வைத்திருக்கிறது.

முதலில் முறைகளைப் பார்ப்போம்.

1890ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால், கோழி முளையத்தின் முண்ணாணை மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பினால் நிறமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். வளர்ந்துகொண்டிருந்த நரம்பு நாரின் நுனியில் ஒரு தடிப்பைக் கண்டார். அதற்கு வளர்கூம்பு என்று பெயரிட்டார். அது ஊர்ந்து சென்று வழிதேடும் உறுப்பு என்பது அவரது முடிவு. ஆனால் அவர் பார்த்தது இறந்துபோன சீவலைத்தான். அசைவை அவர் ஊகித்தார், காணவில்லை. அதனால் எதிர்த்தரப்பினரின் வாய் அடங்கவில்லை. நரம்பு முழுவதும் ஒரே வலை என்று வாதிட்டவர் இத்தாலியரான கொல்கி. கஹால் பயன்படுத்திய நிறமூட்டும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1906இல் நொபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு பெற்ற இருவரும் தத்தம் உரையில் ஒருவருக்கொருவர் நேர்மாறானதைச் சொன்னார்கள். ஒரே முறை, ஒரே வகைச் சீவல், இரண்டு சாட்சியங்கள்!

அடுத்த ஆண்டு, 1907இல், அமெரிக்கரான ரொஸ் ஹரிசன் இந்த வழக்கை வேறு விதமாக அணுகினார். தவளை முளையத்திலிருந்து நரம்பாக வளரப்போகும் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்தார். தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் அதை வைத்து, கண்ணாடித் தகட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டார். துளி உறைந்தது, துண்டு உயிரோடிருந்தது. கலத்திலிருந்து நார் புறப்பட்டு, நுனி அசைந்து அசைந்து முன்னேறுவதை அவர் உயிரோட்டமாகவே கண்டார். கஹால் ஊகித்தது சரி என்றாயிற்று. உடலுக்கு வெளியே இழையம் வளர்க்கும் கலை அந்தத் தொங்கும் துளியிலிருந்துதான் தொடங்கியது எனலாம்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நரம்பு உடலில் எப்படி வழி தேடுகிறது என்று அறிவதற்காக அதை உடலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஆயிரம் விடயங்கள் ஒரே நேரத்தில் நடக்கும் இடத்திலிருந்து எடுத்து, ஒன்றிரண்டு விடயங்கள் மட்டும் நடக்கும் இடத்தில் வைத்தால்தான் எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியும். ஆய்வுகூட முறையின் பலம் இதுதான். அதன் குறையும் இதுதான். தட்டில் கிடக்கும் நரம்பு நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். கேட்காததற்குச் சொல்லாது.

1940களில் ரொஜர் ஸ்பெரி என்ற இளம் ஆய்வாளர் கேட்ட கேள்வி மிகக் கடுமையானது. பழக்கத்தினாலும் பயன்பாட்டினாலும் நரம்பு இணைப்புகள் சீராகின்றன என்ற கருத்து அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது. ஸ்பெரியின் ஆசிரியரான போல் வைஸ் என்பவரும் நாருக்கு முன்கூட்டிய முகவரி உண்டு என்பதை ஏற்றிருக்கவில்லை. நீர்ப்பல்லிக்கும் தவளைக்கும் பார்வை நரம்பை வெட்டினால் அது மீண்டும் வளரும். ஸ்பெரி நரம்பை வெட்டிக் கண்ணையும் 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு வளர்ந்தது, பார்வையும் திரும்பியது. ஆனால் உலகம் தலைகீழாகியிருந்தது. இரை மேலே இருக்கும்போது பிராணி கீழே பாய்ந்தது. நாட்கள் சென்றும், பசித்தும், தவறித் தவறியும் அது திருந்தவில்லை. ஒவ்வொரு நாரும் தனது பழைய முகவரியையே தேடிப் போயிருக்கிறது என்று ஸ்பெரி முடிவு செய்தார். நார்களும் அவை சென்றடையும் கலங்களும் இரசாயன அடையாளங்களால் ஒன்றையொன்று இனங்காண்கின்றன என்ற கருத்தை அவர் 1963இல் முழுமையாக முன்வைத்தார்.

அந்தத் தவளையை நினைத்துப் பார்க்காமல் இந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. அதன் மிஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஈ ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற மனிதரின் நம்பிக்கையைப் பரீட்சிப்பதற்காக ஒரு சீவன் கொடுத்த விலை அது. இதை நியாயப்படுத்தலாமா கூடாதா என்பதில் நல்ல மனிதர்களே இரு பக்கமும் நிற்கிறார்கள். நான் சொல்ல வருவது அதற்கு முந்திய ஒன்று. இப்படியொரு விலை கொடுக்கப்பட்ட பிறகு, அங்கே கண்டதை உள்ளபடி சொல்வது ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியமல்ல. அது கடன்.

இந்தக் கடனை நன்கு உணர்ந்தவர்களில் ஒருவராக ரீட்டா லெவி-மொண்டால்சினியைச் சொல்லலாம். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் யூதரான அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. அவர் டூரின் நகரில் தனது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கி, கோழி முட்டைகளில் நரம்பின் வளர்ச்சியை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்றார். 1952இல் புற்று வளர்ந்த எலிகளை எடுத்துக்கொண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார். அங்கே இழையம் வளர்க்கும் வசதி இருந்தது. தட்டில் கோழி முளையத்தின் நரம்புத் திரளை வைத்து, சற்றுத் தள்ளிப் புற்றுத் துண்டை வைத்தார். ஒரு நாளுக்குள் திரளைச் சுற்றி நார்கள் ஒளிக்கதிர்போல வெளிப்பட்டன. தொடாமலே தூண்டும் ஏதோ ஒன்று புற்றிலிருந்து கசிகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் அந்தப் பொருளை ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்தார். 1986இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது.

தட்டு எவ்வளவு நுட்பமாகப் பேசக்கூடியது என்பதற்கு ஜேர்மனியின் டூபிங்கன் நகரில் 1987இல் பிரீட்ரிக் பொன்ஹொபர் குழுவினர் செய்த பரிசோதனை நல்ல உதாரணம். கோழியின் பார்வை மூளையினுடைய முன்பகுதியிலிருந்தும் பின்பகுதியிலிருந்தும் கல மென்சவ்வுகளைத் தனித்தனியே எடுத்து, பாய்க்கோடுகள்போல மாறி மாறித் தட்டில் பதித்தார்கள். விழித்திரையின் ஒரு பக்கத்து நார்கள் முன்பகுதிக் கோட்டிலேயே ஓடின. அவற்றுக்கு அந்தக் கோட்டின் மீது நாட்டம் என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பின்பகுதி மென்சவ்வைச் சூடாக்கி அதன் புரதங்களைச் செயலிழக்கச் செய்துவிட்டு மீண்டும் பார்த்தார்கள். இப்போது நார்கள் இரண்டு கோடுகளிலும் வேறுபாடின்றி ஓடின. அப்படியானால் முதலில் தெரிந்தது நாட்டமல்ல, மற்றக் கோட்டின் மீதான விலகல். ஒரே காட்சி, இன்னுமொரு கேள்வி கேட்டவுடன் அதன் பொருள் தலைகீழாகிவிட்டது.

1990களில் மு-மிங் பூ என்பவரின் குழு மெல்லிய கண்ணாடிக் குழாயால் வளர்கூம்பின் ஒரு பக்கத்தில் வழிகாட்டும் பொருளைச் சொட்டவிட்டு, கூம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அளந்தது. ஒரு பொருளை நோக்கித் திரும்பிய கூம்பே, அதன் உட்புறத்திலுள்ள ஒரு சிறு இரசாயனத்தின் அளவு குறைந்ததும் அதே பொருளிடமிருந்து விலகியது. வழிகாட்டி மாறவில்லை. கேட்பவரின் உள்நிலை மாறிவிட்டது. எல்லா மேடைகளிலும் உபதேசம் கேட்டுப் பழகிய எமக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

இந்த வரிசையில்தான் நெட்ரின் வருகிறது. 1988இல் ஒரு குழுவினர் எலி முளையத்தின் முண்ணாணில் அடித்தகடு எனப்படும் பகுதியை வெட்டி, கொலாஜன் ஜெலியில் நரம்புத் துண்டுக்குச் சற்றுத் தள்ளி வைத்தனர். நார்கள் அதை நோக்கி வளைந்து சென்றன. அந்தக் குழுவில் மார்க் டெசியே-லவீன் என்ற இளம் விஞ்ஞானியும் இருந்தார். பின்னர் அவரது சொந்த ஆய்வுகூடத்தில், ஆயிரக்கணக்கான கோழி முளைய மூளைகளிலிருந்து நாரை ஈர்க்கும் புரதங்கள் பிரித்தெடுக்கப்பட்டு 1994இல் அறிவிக்கப்பட்டன. வழிநடத்துபவர் என்ற பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து அவற்றுக்கு நெட்ரின் என்று பெயர் வைத்தார்கள். தலைவரைக் குறிக்க நாம் மேடையில் சொல்லும் 'நேதா' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சிறு புழுவொன்றில் நார்களுக்கு வழிகாட்டுவதாக வேறு ஆய்வாளர்கள் முன்னரே கண்டிருந்த மரபணுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பது தெரியவந்தது. புழுவுக்கும் கோழிக்கும் மனிதருக்கும் ஒரே வழிகாட்டி!

இதன் பின்னர் நடந்தவை இரண்டு. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்காகவே இவ்வளவும் எழுத நேர்ந்தது.

முதலாவது, நெட்ரின் பற்றிய விளக்கம் திருத்தப்பட்டது. அடித்தகட்டிலிருந்து நெட்ரின் கசிந்து பரவி, தூரத்திலிருக்கும் நாரை ஈர்க்கிறது என்று பாடப் புத்தகங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தன. 2017இல் வெவ்வேறு குழுக்கள் சுண்டெலிகளில் அடித்தகட்டு நெட்ரினை மட்டும் இல்லாமலாக்கிப் பார்த்தன. நார்கள் பெரும்பாலும் வழி தவறவில்லை. நார் செல்லும் பாதையோரத்திலேயே வேறு கலங்கள் நெட்ரினை இட்டு வைப்பதுதான் முக்கியம் என்று அவை சொல்லின. பின்வந்த ஆய்வுகள் அடித்தகட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று மீண்டும் சமன்செய்தன. இதில் எவரும் பொய் சொல்லவில்லை. தட்டில் அது ஈர்த்தது உண்மை. ஒரு பொருளால் என்ன செய்ய முடியும் என்பதைத் தட்டு காட்டியது. உடலில் அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கும் கருவி பிறகுதான் கைக்கு வந்தது.

இரண்டாவது, வேறு வகையானது. டெசியே-லவீன் 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவரது ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றிலுள்ள படங்கள் பற்றிய சந்தேகங்கள் 2015 முதலே இணையத்தில் எழுப்பப்பட்டிருந்தன. 2022 நவம்பரில் அப்பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையில் முதலாம் ஆண்டு மாணவர் தியோ பேக்கர் இதைத் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். சுயாதீன விஞ்ஞானிகள் குழு ஒன்று விசாரித்து 2023 ஜூலையில் அறிக்கை தந்தது. தலைவர் பதவி விலகுவதாக அறிவித்தார். 1999இல் ஒன்றும் 2001இல் இரண்டுமாக, நெட்ரினின் ஏவலை நார் எவ்வாறு உள்வாங்குகிறது என்பது பற்றி வெளிவந்த மூன்று கட்டுரைகள் அந்த ஆண்டில் மீளப் பெறப்பட்டன.

நியாயமாகப் பேச வேண்டும். அவர் தாமே தரவுகளைத் திரித்தார் என்று அக்குழு சொல்லவில்லை. திரிப்பு நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது என்றும் சொல்லவில்லை. ஆய்வுகூடத்திலிருந்த வேறு சிலர் படங்களில் கைவைத்திருந்தார்கள். வெளியிடும் நேரத்தில் அவர் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது என்றது குழு. 2015இல் அவர் திருத்தங்களை அனுப்பியும் ஒரு சஞ்சிகை தன் தவறினால் அவற்றை வெளியிடாமல் விட்டதும் உண்மை. ஆனால் குறை தெரியவந்த பல சந்தர்ப்பங்களில் அவர் அதைத் தெளிவாகவும் உறுதியாகவும் திருத்த முன்வரவில்லை என்று குழு கண்டது. சாதகமான முடிவைக் கொண்டுவருபவர் கொண்டாடப்படுவதும் கொண்டுவராதவர் ஓரங்கட்டப்படுவதுமான ஒரு சூழல் அங்கே இருந்ததாகச் சிலர் சொன்னதையும் அது பதிவு செய்தது.

மேலே சொன்ன இரண்டிலும், முன்னர் சொல்லப்பட்டது பின்னர் நிலைக்கவில்லை. ஆயினும் முதலாவதில் எமக்கு மரியாதை கூடுகிறது; இரண்டாவதில் மனம் கசக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்வதற்கு எமது மரபிலேயே கூர்மையான சொற்கள் இருக்கின்றன. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரை எடைபோடும்போது இரண்டு தகைமைகளைத் தனித்தனியே பார்த்தார்கள். ஒன்று அதாலத் எனும் நேர்மை. மற்றது ளப்த் எனும் துல்லியம். அதாவது கேட்டதை வழுவாமல் காத்து ஒப்படைக்கும் ஆற்றல். நேர்மையாளர் ஒருவருக்கு நினைவு பிசகலாம். அவரது செய்தி பலவீனப்படும். அவர் பொய்யராகிவிட மாட்டார். நேர்மை போனவரின் நினைவு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பயனில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் இருந்ததுதான் அக்கலையின் பெருமை.

அதே கலை இன்னொன்றையும் சொல்லித் தருகிறது. சங்கிலித் தொடரில் ஒவ்வொருவரும் தனக்கு முந்தியவரிடமிருந்து எப்படிப் பெற்றார் என்பதும் விசாரிக்கப்பட்டது. நேரில் கேட்டாரா, இடையில் ஒருவரை மறைத்தாரா என்று பார்த்தார்கள். நம்பகமான ஒருவர் பெயரை இறுதியில் வைத்துவிட்டால் இடையிலுள்ள ஓட்டை அடைபட்டுவிடாது என்பது அவர்களது உறுதி. இன்றைய விஞ்ஞானக் கட்டுரையில் பல பெயர்கள் இருக்கும்; இப்படியான துறைகளில் கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது. வாசகர் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பெயரை நம்பித்தான் படத்தை நம்புகிறார். படத்தை எடுத்த இளையவரை அவருக்குத் தெரியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் புறக்கணிப்பது முறையாகாது. ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் எத்தனையோ பேர் வேலை செய்வார்கள். ஒவ்வொரு படத்தையும் தலைவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அங்கே விஞ்ஞானமும் நடக்காது, மனித உறவும் நிலைக்காது. நம்பிக்கையில்லாமல் கூட்டு வேலை ஏது? வஞ்சிக்கப்பட்டவரைக் குற்றவாளியாக்குவது என்ன நீதி?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் அது குற்றத்தையும் பொறுப்பையும் ஒன்றாக்கிவிடுகிறது. குற்றம் செய்தவரைச் சேரும். பொறுப்பு, பெயர் கொடுத்தவரை விட்டு நீங்காது. வெற்றி வந்தபோது அந்தப் பெயருக்குத்தான் புகழும் பதவியும் வந்தன. அப்போது "இது இன்னாருடைய வேலை, எனக்குத் தெரியாது" என்று எவரும் சொல்வதில்லை. அதுவுமன்றி, நம்புவது வேறு, பார்க்காமல் விடுவது வேறு. சாதகமான முடிவை மட்டும் மெச்சும் தலைவர், தனக்குக் கீழுள்ளவர் உண்மை சொல்லும் வழியைத் தானே அடைத்துவிடுகிறார். டூபிங்கனில் மென்சவ்வைச் சூடாக்கிப் பார்க்காமல் விட்டிருந்தால், நாட்டம் என்ற அழகான முடிவு அப்படியே வெளிவந்திருக்கும். தங்கள் முடிவைத் தாங்களே உடைத்துப் பார்ப்பவருக்கு இடமிருந்ததால்தான் உண்மை வெளிவந்தது.

இவையெல்லாம் தூரத்து நாட்டுச் செல்வந்தப் பல்கலைக்கழகங்களின் கதை என்று ஒதுக்கிவிட மாத்தளைக்காரர்களால் முடியாது. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1980களின் இறுதியில் காணாமற்போன இளைஞர்களுடையவை என்று ஒரு நிபுணர் தரப்புச் சொன்னது. இல்லை, 1950க்கு முந்தியவை என்று வேறொரு காலக்கணிப்பு சொன்னது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு இந்த இரண்டு ஆய்வு முடிவுகளுக்கும் இடையிலுள்ள தூரம் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அவளால் கருவியைச் சோதிக்க முடியாது. மாதிரி எடுத்த கையை, அதைக் காத்த பெட்டியை, எழுதிய பேனாவை அவள் நம்பத்தான் வேண்டும். யார் சரி என்று தீர்ப்பளிக்க நான் இங்கு வரவில்லை. ஆய்வுகூடத்தின் சொல், நீதியின் வாசலில் நிற்கும் ஏழையின் கடைசிச் சாட்சியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இந்த மாவட்டம் தன் மண்ணிலேயே உதாரணம் வைத்திருக்கிறது.

நரம்பின் வழியைத் தேடும் ஆய்வும் அப்படியான ஒரு வாசலில்தான் நிற்கிறது. கராம்பு பறிக்க ஏறியவர், கித்துள் சீவ ஏறியவர் விழுந்து முண்ணாண் அறுபட்டால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விடுகிறது. போர்க் காலத்துக் காயங்களோடு சக்கர நாற்காலியில் வாழ்பவர்கள் இந்நாட்டின் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறார்கள். தவளையின் பார்வை நரம்பு மீண்டும் வளர்வதுபோல் எமது முண்ணாணின் நார்கள் வளர்வதில்லை. வளர்ந்தவர்களின் முண்ணாணில் நாரை விலக்கித் தடுக்கும் பொருட்கள் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். எது ஈர்க்கிறது, எது விலக்குகிறது என்ற அறிவு அதனால்தான் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அறுந்த முண்ணாணை மீண்டும் இணைத்து நடக்கவைக்கும் சிகிச்சை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. தவறான ஒரு படம் இந்தத் துறையில் இருபது ஆண்டுகள் கிடந்தால், அதை நம்பி வேறு எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளை அந்தப் பாதையில் செலவிட்டிருப்பார்கள்? அந்த ஆண்டுகளை நாற்காலியில் இருப்பவரிடம் யார் திருப்பிக் கொடுப்பார்?

உயிர்களின் கணக்கும் அப்படித்தான். ஒரு சிட்டுக்குருவியை வீணுக்குக் கொல்வதும் விசாரணைக்குரியது என்ற உணர்வில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆய்வுக்காகப் போகும் உயிர் வீண்போகவில்லை என்று சொல்வதற்கு ஒரேயொரு நியாயம்தான் இருக்கிறது: அதனிடமிருந்து ஓர் உண்மை கிடைத்தது. அங்கே கண்டதைத் திரித்துவிட்டால் அந்த ஒரு நியாயமும் போய்விடுகிறது. பிறகு மிஞ்சுவது கொலை மாத்திரமே. படத்தில் கைவைப்பது ஏதோ காகிதத்தில் செய்த பிழை என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே நான் வந்து சேரும் முடிவு இது. வழிகாட்டுபவர் தவறலாம். நெட்ரின் விடயத்தில் நடந்ததுபோல, நேர்மையான தவறு அடுத்தவர் நடப்பதற்கு ஒரு படிக்கட்டாகவும் அமையும். ஆனால் தன் பெயரால் சாட்சி சொல்பவர் மூன்று காரியங்களுக்குக் கடமைப்பட்டவர். பெயர் இடுமுன் மூலத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்த அன்றே அதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்; மற்றவர் பேசும்வரை காத்திருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீங்கள் நினைத்ததுபோல் வரவில்லை" என்று சொல்லிக்கொண்டு வரும் இளையவருக்கு அருகில் ஓர் ஆசனம் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்துக்கு மட்டுமல்ல, பள்ளி நிர்வாகத்துக்கும் பத்திரிகைக்கும் எமது இலக்கிய வட்டங்களுக்கும் இது பொருந்தும்.

தட்டில் கிடந்த நார் ஒருபோதும் பொய் சொல்லவில்லை. ஈர்த்ததை நோக்கிச் சென்றது, விலக்கியதிலிருந்து விலகியது. அதைப் பார்த்தவர் பார்த்தபடி சொன்னாரா என்பது மட்டுமே மனிதர் கையில் விடப்பட்ட பகுதி. கேள்வி கணக்கும் அந்தப் பகுதிக்குத்தான்.